ஓ.எம்.ஆரில் ஒரு சுவர்!

காலை எட்டரை மணிக்குத் திருவான்மியூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல நின்னு பாருங்க. கழுத்தில் ஐ.டி. கார்டு, முதுகில் லேப்டாப் பை, காதில் இயர்போன்... ஒரு ஊரே படியிறங்கி வரும்! பக்கத்திலேயே 2000-ம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பார்க். மத்திய கைலாஷில் தொடங்கி மாமல்லபுரம் நோக்கி ஓடும் இந்த ரோட்டுக்கு ராஜீவ் காந்தி சாலைன்னு பேர் வெச்சாலும், நம்ம வாயில வர்றது ஓ.எம்.ஆர்.தான். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரின்னு வரிசையா கண்ணாடிக் கட்டடங்கள். வெளியே இருந்து பார்த்தா அதுல வானமும் மேகமும்தான் தெரியும். உள்ளே என்னதான் நடக்குது?

துரைப்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடிக்கு லிஃப்ட் ஏறினேன். அங்கே புதுசா ஒரு 'அஜைல்' டீம் அன்னிக்குத்தான் பிறந்திருந்தது. அவங்களுக்கு வழிகாட்ட வந்த 'ஸ்க்ரம் மாஸ்டர்' நமக்கு நண்பர். ''ரெண்டு வாரம் வேடிக்கை பாருங்க. ஆனா, வாயைத் திறக்கக் கூடாது''ங்கிற கண்டிஷனோட அனுமதி கிடைச்சது!

காலிச் சுவர்

மூலையில ஒரு சின்ன ரூம். நடுவில் மேஜை, சுத்தி எட்டு நாற்காலி, எதிரே ஒரு காலிச் சுவர். எட்டுப் பேரில் ரெண்டு பேர் காலேஜ் முடிச்சு ஆறு மாசம்கூட ஆகாதவங்க. மெடிக்கல் ஷாப்காரங்க மொத்த வியாபாரிகிட்ட சரக்கு ஆர்டர் போட ஒரு மொபைல் ஆப் செய்யணும். அதுதான் வேலை.

முதல் ஒரு மணி நேரம் யாரும் லேப்டாப்பைத் திறக்கலை. ''ரெஸ்யூமே கதை வேண்டாம். உங்களுக்கு எது நல்லா வரும், எது எரிச்சல், எத்தனை மணிக்குக் கிளம்பணும்... இதை மட்டும் சொல்லுங்க'' என்றார் நண்பர். ஆறு மணி கம்பெனி பஸ்ஸை விட்டா வீடு போய்ச் சேர ஒன்பதாகிடும் என்றார் தாம்பரத்துக்காரர். ''யோசிச்சுட்டு இருக்கும்போது தோளைத் தட்டாதீங்க'' என்றார் ஹெட்போன்காரர். அதிலிருந்தே சட்டதிட்டங்கள் பிறந்தன. அஞ்சு மணிக்கு மேல மீட்டிங் கிடையாது. அரை மணி நேரம் முட்டி மோதியும் நகரலைன்னா, யார்கிட்டயாவது கேட்டே ஆகணும். எல்லாத்தையும் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாங்க.

அடுத்து ஒரு சண்டை. 'முடிஞ்சது'ன்னா என்ன? ''கோடு எழுதிட்டா முடிஞ்சது'' என்றார் ஒருத்தர். ''நான் டெஸ்ட் பண்ணாம எப்படி முடியும்?'' என்று பொங்கினார் டெஸ்டர். ''இன்னொருத்தர் படிச்சுப் பார்க்க வேணாமா?'' என்றது மூணாவது குரல். ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு. மிஞ்சினது நாலே நாலு வரி. சாதாரணமா நினைச்சுடாதீங்க பாஸ்! அந்த நாலு வரி இல்லாத டீம்ல, ''முடிச்சாச்சு''ன்னு ஒருத்தர் சொல்றது ஒண்ணு, மத்தவங்க புரிஞ்சுக்கறது வேறொண்ணு.

பனிமலையில் 17 பேர்

இந்த 'அஜைல்' என்ற பேரோட பூர்வீகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலம். 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு மலைவிடுதியில் 17 பேர் கூடினாங்க. கென்ட் பெக், மார்ட்டின் ஃபௌலர், கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லாண்ட்னு எல்லாமே சாஃப்ட்வேர் புலிகள். வாடிக்கையாளருக்கு என்னென்ன வேணும்னு தலையணை சைஸுக்கு எழுதி வாங்கி, மாசக்கணக்கில் உழைச்சு, கடைசியில் காட்டினா... ''நான் கேட்டது இது இல்லையே''ம்பார் அவர். இந்தத் தலைவலிக்கு மாற்று தேடினவங்க அவங்க. அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் 'அஜைல் மேனிஃபெஸ்டோ'. கருவிகளையும் நடைமுறைகளையும்விட மனுஷங்களும் அவங்க பேசிப் பழகறதும் முக்கியம். இதுதான் அதில் முதல் விஷயமே!

மூணா, பதிமூணா?

துரைப்பாக்கத்துக்கு வருவோம். சுவரில் மூணு கட்டம்: 'செய்யணும்', 'செய்யறோம்', 'முடிஞ்சது'. கடைக்காரருக்கு வேண்டிய ஒவ்வொரு வசதியும் ஒரு மஞ்சள் சீட்டு. ஒவ்வொண்ணும் எவ்வளவு பெரிய வேலைன்னு கணிக்க ஒரு சீட்டாட்டம்! எல்லார் கையிலும் 1, 2, 3, 5, 8, 13-ன்னு நம்பர் கார்டுகள். ஒரே நேரத்தில் காட்டணும். சீனியர் என்ன காட்டுறார்னு பார்த்து ஜூனியர் மாத்திக்கக் கூடாது. அங்கேதான் இருக்கு சூட்சுமம்.

'காலாவதியான மருந்தைத் திருப்பி அனுப்புவது' என்ற சீட்டு வந்தது. பத்து வருஷ அனுபவசாலி காட்டியது 3. மணப்பாறையிலிருந்து வந்த புதுப் பொண்ணு காட்டியது 13. ரூமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பொண்ணு கார்டைக் கீழே வைக்கப் போனார். ''இருங்க, ஏன் 13?'' என்றார் நண்பர்.

''எங்க மாமா மெடிக்கல் ஷாப்ல லீவுக்கு உட்கார்ந்திருக்கேன் சார். ஒரே மாத்திரை ரெண்டு பேட்ச்ல இருக்கும். ரெண்டுக்கும் எக்ஸ்பைரி தேதி வேற. பேட்ச் நம்பர் இல்லாம திருப்பி அனுப்ப முடியாது. நம்ம டிசைன்ல பேட்ச் நம்பருக்கு இடமே இல்லையே...''

அரை நிமிஷம் மௌனம். சீனியர் தன் 3-ஐ எடுத்து உள்ளே வெச்சார். மறுபடி காட்டினப்போ எட்டுப் பேரும் 13! அந்தப் பொண்ணு பயந்து வாயை மூடியிருந்தா, விஷயம் கடைக்காரர் கைக்கு ஆப் போன பிறகுதான் தெரிஞ்சிருக்கும்.

யாரைப் பார்த்துப் பேசறது?

தினமும் காலை பத்து மணிக்குப் பதினஞ்சு நிமிஷம் நின்னுக்கிட்டே ஒரு கூட்டம். முதல் மூணு நாளும் எல்லாரும் மேனேஜர் முகத்தைப் பார்த்து, ''சார், நேத்து இதை முடிச்சேன் சார்''னு ஒப்பிச்சாங்க. ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி! நாலாம் நாள் நண்பர் மேனேஜரைப் பின்வரிசையில் நிறுத்தினார். ''சுவரைப் பார்த்துப் பேசுங்க. ஆளைப் பத்தி இல்லை, சீட்டைப் பத்தி'' என்றார்.

அன்னிக்குத்தான் இன்னொரு புதுப் பையன் மெதுவா சொன்னான்: ''இந்தச் சீட்டுல ரெண்டு நாளா மாட்டிக்கிட்டு இருக்கேன்.'' அவன் இன்னும் புரொபேஷன்ல இருக்கறவன். வேலை நிரந்தரம் ஆகறது பின்னாடி நிற்கிற மேனேஜர் கையில. எல்லார் கண்ணும் அவர் பக்கம் போச்சு. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: ''யார் இவன்கூட உட்காரப் போறீங்க?'' ஹெட்போன்காரர் ஹெட்போனைக் கழட்டினார். மதியச் சாப்பாட்டுக்குள்ள சீட்டு நகர்ந்தது.

அந்த இடத்தில் மேனேஜர் ஒரு வார்த்தை கடிஞ்சிருந்தா போதும். அப்புறம் சுவரில் ஒட்டுறது எல்லாமே அழகான பொய்யாத்தான் இருந்திருக்கும்.

ரெண்டு வாரம் முடிஞ்சது. ஏத்துக்கிட்ட ஆறு சீட்டில் நாலுதான் 'முடிஞ்சது' கட்டத்துக்குப் போச்சு. அதை வாடிக்கையாளர்கிட்ட காட்டினாங்க. ரெண்டு மாற்றம் கேட்டார். அப்புறம் எட்டுப் பேரும் கதவைச் சாத்திக்கிட்டு, 'எது நல்லாப் போச்சு, எதை மாத்தணும்'னு பேசினாங்க. அடுத்த தடவை நாலு சீட்டு மட்டும் எடுப்போம்னு முடிவு. புது டீம்னா முதல்ல கூச்சம், அப்புறம் உரசல், அப்புறம்தான் ஒத்துப்போய் ஓடும்னு புரூஸ் டக்மேன் என்ற உளவியலாளர் 1965-லேயே எழுதிவெச்சிருக்கார். இவங்க இப்போ உரசல் ஸ்டேஷன்ல நிக்கறாங்க. வண்டி சரியான ரூட்லதான் போகுது!

ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்ணப்போற மக்களே... நாலு பேர் டீம்ல ஒருத்தர் கோடு எழுத, மூணு பேர் பேரு எழுதற கதை நமக்குத் தெரியாததா? ஹாஸ்டல் ரூம்ல ஒரு சுவர், பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் கலர் பேப்பர் போதும். 'முடிஞ்சது'ன்னா என்னன்னு நாலு பேரும் சேர்ந்து எழுதி ஒட்டுங்க. ''எனக்குப் புரியலை''ன்னு உங்க டீம்ல முதல்ல சொல்றவன் யாரோ, அவனைக் கிண்டல் பண்ணாதீங்க. அவன் பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க!