முதலில் இடத்தைச் சொல்லுங்கள்!

100 போலீஸ், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ் என்பதெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2019-லிருந்து தமிழ்நாட்டில் 112 என்ற பொது எண்ணும் இருக்கிறது. நம்பரை மனப்பாடம் பண்ணுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. (அரியர் எழுதி எழுதி ரிஜிஸ்டர் நம்பரைத் தூக்கத்தில்கூடச் சொல்வோமே!) அழுத்திய பிறகு என்ன பேசுவது என்பதில்தான் சிக்கல்.

சென்ற ஆண்டு ஒரு சாயங்காலம். மில் ஷிப்ட் முடிந்து நம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி நடந்த ஒரு அக்காவின் செயினை, பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். அக்கா ரோட்டில் விழுந்து முழங்கையெல்லாம் ரத்தம். என் ரூம்மேட் சட்டென்று போனை எடுத்துவிட்டான். அதற்கே அவனைப் பாராட்ட வேண்டும். சுற்றி நின்ற பெரியவர்கள் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

"சார், சீக்கிரம் வாங்க சார்! செயினை அறுத்துட்டானுங்க சார்!"

"எந்த இடம் தம்பி?"

"எங்க காலேஜ் கிட்ட சார்!"

"எந்தக் காலேஜ்?"

"பாலிடெக்னிக் சார்!"

தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் ஒன்றா இரண்டா? போனை எடுப்பவர் நம்மூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. எங்கெங்கிருந்தோ வரும் அழைப்புகளைக் கண்ட்ரோல் ரூமில் எடுக்கிறவர். நம்ம டீக்கடையும் அரசமரமும் அவருக்கு எப்படித் தெரியும்?

நான் போனை வாங்கி மாவட்டம், ஊர், ரோட்டின் பெயர், எந்தப் பாலத்துக்கும் எந்தப் பெட்ரோல் பங்குக்கும் நடுவில் என்று வரிசையாகச் சொன்னேன். பாதியில் சார்ஜ் போய் லைன் கட்டானாலும் இடம் தெரிந்துவிட்டால் வண்டி வந்துவிடும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

"கேள்வியா கேட்டுட்டு இருக்காங்களேடா, வண்டியை எப்போ அனுப்புவாங்க?" என்று பல்லைக் கடித்தான் ரூம்மேட். நியாயமான சந்தேகம்தான். அங்கே கேட்கிறவர் ஒருவர், வண்டியை அனுப்புகிறவர் வேறொருவர். முன்னவர் டைப் பண்ணுவது பின்னவரின் திரைக்குப் போய்விடுகிறது, அங்கிருந்து ரோந்து வண்டிக்குத் தகவல் போகிறது. நம்மிடம் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியும் கிளம்பியிருக்கலாம். அவசரப்பட்டு நாமாக லைனை வெட்டிவிடக் கூடாது.

எத்தனை பேர், கையில் ஆயுதம் இருந்ததா, அடிபட்டவர் பேசுகிறாரா, எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டார்கள். "பல்சர்தான்டா, சொல்லுடா" என்று ரூம்மேட் இடித்தான். நான் பார்த்தது ஒரு கறுப்பு வண்டி, நம்பரில் கடைசி இரண்டு இலக்கம். அதை மட்டும் சொன்னேன். வெர்னியரில் பார்க்காத ரீடிங்கை எழுதினால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கல்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? இதற்குள் ஜூனியர் பையன் ஒருவன் இன்னொரு போனில் 108-க்குப் பேசியிருந்தான்.

கடைசியாக என் பெயரைக் கேட்டார்கள். "கொடுக்காதே தம்பி, கோர்ட்டுக்கு இழுப்பாங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல். கொடுத்தேன். பொய் சொல்வானேன், அதற்காக இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு மிஷின் டிசைன் வகுப்பும் ஒரு ஒர்க்‌ஷாப்பும் போச்சு. ஆனால் 'நானும் பார்த்தேன்' என்று சொல்ல அந்த அக்காவுக்கு வேறு ஆள் யார் இருந்தார்கள்?

போன் பண்ணியதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவோடு முதலில் போன ஸ்டேஷனில், "இது எங்க லிமிட் இல்லம்மா" என்றார்கள். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். துணைக்கு வந்திருந்த நம் பி.டி. சார் சத்தம் போடாமல் அந்த வார்த்தையைச் சொன்னார். உடனே பேனா நகர்ந்தது! எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். அப்படியும் பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓ.டி.பி. சொல்லிப் பணத்தைத் தொலைத்தவர்கள் கூப்பிட வேண்டியது 1930. அங்கே இடத்தைவிட நேரம்தான் முக்கியம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பேசிவிட வேண்டும். வங்கி எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் வைத்திருங்கள், அதிலுள்ள பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள்.

வார்டனிடம் அனுமதி வாங்கி ஹாஸ்டல் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மாவட்டம், தாலுகா, ரோடு, பின்கோடு, பக்கத்து அடையாளம் எல்லாம் பெரிய எழுத்தில். பதற்றத்தில் அப்படியே பார்த்துப் படிக்கலாம். அதன் கீழே எவனோ பென்சிலில் எழுதியிருக்கிறான்: 'மெஸ் சாம்பாருக்கும் இதே நம்பரா?'