"சூடு பிடிச்சிருக்கு"

சிறுநீர் எரிந்தால் நம் பக்கத்தில் "சூடு பிடிச்சிருக்கு" என்பார்கள். பார்லி கஞ்சி, இளநீர், நீர்மோர். கேட்கவில்லை என்றால் மருந்துக்கடையில் "நீர்க்கடுப்புக்கு நாலு மாத்திரை". வாசுதேவநல்லூரில் மட்டும் என்று இல்லை. எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு மாத்திரையில் எரிச்சல் நின்றால் மீதி இரண்டும் அலமாரிக்குப் போய்விடும்.

என் மதினிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கீமோ ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து பத்து நாள் இருக்கும், எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் வந்தது. அண்ணன் கடைக்குக் கிளம்பிவிட்டார். "வேண்டாம், காய்ச்சல் வந்தா அன்னைக்கே வரணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்கல்லா" என்று மதினிதான் தடுத்தார். ராத்திரியே கார் பிடித்தோம்.

கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோவதால், நமக்கு வெறும் நீர்க்கடுப்பாக இருப்பது அவர்களுக்கு ஓரிரு நாளில் ரத்தத்தில் ஏறிவிடலாம். அதனால் சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுத்த கையோடு ஊசியும் ஆரம்பித்தார்கள். கல்ச்சர் என்பது கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைத்துப் பார்ப்பது. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழும். மூன்றாம் நாள் தாள் வந்தது. கிருமி ஈ.கோலை, நம் எல்லார் குடலிலும் இருப்பதுதான். மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்'. கேட்காது என்று அர்த்தம். கேட்கும் என்ற 'எஸ்' மூன்றே இடத்தில், மூன்றும் ஊசி மருந்து. மதினி பிழைத்தார். அடுத்த கீமோ மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை.

மருந்துக்குச் சாகாமல் தப்பிய கிருமி பெருகுகிறது. தப்பும் வித்தையை பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிறது. அடிக்கடி ஆஸ்பத்திரி வாசம், சிறுநீர்க் குழாய், மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் என்று இருக்கும் புற்றுநோயாளியிடம் இப்படிப்பட்ட கிருமி சேர வாய்ப்பு அதிகம்.

2010-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், கடைசிக் கட்ட மருந்துகளான கார்பாபெனம் வகையையும் முறிக்கும் கிருமிகள் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' எப்படி வரலாம் என்றுதான் இங்கே பெரிய சண்டை நடந்தது! 2012-இல் மருத்துவ சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. அதை ஒருங்கிணைத்த டாக்டர் அப்துல் கஃபூர், புற்றுநோயாளிகளின் தொற்றுகளைப் பார்த்து வந்தவர். 2014 மார்ச் முதல் 'எச்-1' பட்டியல் வந்தது. அதிலுள்ள மருந்தை விற்றால் சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர் இரண்டையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய அட்டை இருந்தால் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து.