தம்புராவும் ஃபேனும்

"அமைதியான அறையில் அமர்ந்து பாடவும்." இசைப் பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சலில் இது மூன்றாவது நிபந்தனை. முதலிரண்டும் எனக்குப் பிரச்சினை இல்லை: இரண்டு காலத்தில் ஒரு வர்ணம், ஆலாபனையோடு ஒரு கீர்த்தனை. மூன்றாவதுதான் இடிக்கிறது. எங்க வீடு தாம்பரத்தில், ரயில் பாதைக்கு ஒரு தெரு தள்ளி. இரண்டு அறை, நாலு பேர்.

ஆன்லைன் தேர்வு எனக்கு வரம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் போவதென்றால் ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, துணைக்கு வர அம்மாவுக்கு இரண்டு நாள் சம்பளமில்லா லீவு. அந்தக் கணக்கைப் போட்டே போன வருஷம் விண்ணப்பிக்காமல் விட்டோம்.

ஆனால் நேர்த்தேர்வில் பள்ளி எல்லோருக்கும் ஒரே அறையைத் தருகிறது. ஆன்லைனில் அவரவர் அறையை அவரவரே கொண்டுவர வேண்டும். அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் பலவும் 1970களிலும் 80களிலும் ஒரு திரையைக் கட்டி, அதன் பின்னால் வாசிக்கச் சொல்லி ஆள் எடுக்க ஆரம்பித்தன. வாசிப்பவர் ஆணா பெண்ணா, யார் சிஷ்யர் என்று தெரியக்கூடாது, வாசிப்பு மட்டும் கேட்டால் போதும் என்பதற்காக. எங்களுக்கு வாய்த்த திரையோ வீட்டையே திறந்து காட்டுகிறது.

ஒத்திகைக்கு ஒரு தோழியை வீடியோ காலில் அழைத்தேன். ஐந்து கட்டை சுருதி. இன்னொரு போனில் தம்புரா ஆப். பட்டணம் சுப்ரமணிய ஐயரின் ஆபோகி வர்ணத்தைப் பாடி முடித்ததும் அவள் கேட்டாள்: "ஏன்டி தம்புரா போடாம பாடுற?"

தூக்கிவாரிப் போட்டது. என் காதோரம் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது.

விசாரித்ததில் புரிந்தது. இந்த ஆப்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு விட்டு விட்டு வரும், ஏறி இறங்கும். மாறாமல் சீராக ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிடும். அதன் கணக்கில் ஃபேனும் தம்புராவும் ஒன்று. மந்திர ஸ்தாயியில் மெல்லப் பாடினால் குரலே பாதி காணாமல் போகிறது. நம்ம சங்கீதத்திலோ, மாறாமல் நிற்கும் அந்த ஒலியை நம்பித்தான் மற்ற எல்லாமே அசைகிறது.

செட்டிங்ஸில் இந்த வடிகட்டலை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. நிறுத்தினேன். தம்புரா வந்தது. கூடவே குக்கர் விசில், மாடி வீட்டு மிக்ஸி, மின்சார ரயில், எல்லாம் வந்தன. ஆக, சுருதி வேண்டுமென்றால் தெருவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். தனி அறையும் கனத்த கதவும் உள்ளவர்கள் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை.

மிருதங்கத்தை முதலிலேயே கைவிட்டாயிற்று. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இணையத்தில் பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதம் என்றால், மிருதங்கக்காரர் 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது மாதிரி. அதனால் தாளம் என் கையிலேயே.

டீச்சரிடம் புலம்பினேன். "கல்யாணக் கச்சேரில பந்தி நடக்குறப்பவே பாடியிருக்கேன்மா. முன் வரிசையில கொழந்தைங்க ஓடும், பின்னால பாத்திரம் உருளும். சத்தம் பாட்டுக்கு வரட்டும். நீ சுருதிய விடாத" என்றார்.

அதிலிருந்து பயிற்சியை மாற்றினேன். விடியற்காலை நாலரை மணி நிசப்தத்தில் பாடுவதை நிறுத்திவிட்டு, காலை எட்டு மணி அமளியில் பாடுகிறேன். ரயில் கடக்கும்போது குரலை உயர்த்தாமல், ஷட்ஜத்தில் நின்று காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். மாடி வீட்டு அக்கா, "பதினஞ்சு நிமிஷம்தானே, மிக்ஸி போடல, நீ பாடு" என்று சொல்லிவிட்டார். ஃபேனை அணைக்கப்போகிறோம். மே மாதம். தம்பி இப்போதே முறைக்கிறான்.

நாளை பதினொரு மணிக்குத் தேர்வு. வர்ணத்தை எடுக்கும் முன் தேர்வாளர்களிடம் ஒன்று சொல்லப்போகிறேன்: "நடுவுல ரயில் சத்தம் கேட்கும், சார். தம்புராவும் கேட்கும்."