எந்த ஒயர் நம்ம ஒயர்?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு, ஹாலில் இருக்கும் இன்டர்நெட் பாக்ஸில் சிவப்பு லைட் எரிந்தது. உடனே என் தம்பியின் முகமும் சிவந்தது. அப்பா மட்டும் நிதானமாக, "அதான் கரண்டு இருக்குதே, அப்புறமென்ன கண்ணு?" என்றார்.

தம்பிக்கு பெங்களூரில் சாஃப்ட்வேர் உத்தியோகம். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ராசிபுரம் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கே லேப்டாப்போடு வந்துவிட்டான். நான் பி.காம். பகலில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் இந்த மாதிரி எதையாவது எழுதுகிறேன். பகலில் அப்பாவோடு இருக்க ஓர் ஆள் வேண்டுமே! தம்பியின் மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருந்தார். "நெட் சரியா இருந்தா ஊர்லயே இரு. இல்லேன்னா திங்கட்கிழமை ஆபீஸ் வந்துடு."

ஆக, எங்கள் குடும்ப ஏற்பாடே தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்கு போன் போட்டேன். "எங்க சைடு எல்லாம் ஓகே ஸார். ஒயர் எங்களது இல்லை, வாடகைக்கு எடுத்திருக்கோம்."

ஒயர்காரருக்குப் போட்டேன். "எங்க ஒயர்ல ஒண்ணும் குறையில்லீங்க. கம்பெனியைக் கேளுங்க."

மறுபடி கம்பெனி. "கம்ப்ளெயின்ட் நம்பர் ஸார்?" சொன்னேன். "இது அவங்க நம்பர். எங்க நம்பர் வேற ஸார்!"

கல்யாணப் பந்தியில் பிள்ளை வீட்டாரைக் கேட்டால் பெண் வீட்டாரைக் காட்டுவார்கள். பெண் வீட்டார் சமையல்காரரைக் காட்டுவார்கள். கடைசிவரை சாம்பார் வராது. அந்தக் கதைதான்.

"ஆளுக்கொரு ஒயர் போட்டுத் தொலைச்சா என்னடா?" என்றேன் தம்பியிடம்.

"சேலத்துலேர்ந்து நாமக்கல்லுக்கு எத்தனை பஸ் ஓடுது? ஒவ்வொரு முதலாளியும் தனித்தனி ரோடு போட்டா குச்சிக்கிழங்கு நடறதுக்கு இடம் இருக்குமாண்ணா?" என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். ஃபைபர் விஷயத்தில் பெரிய செலவே பள்ளம் தோண்டுவதும், கம்பத்தில் கட்டுவதும்தான். அதனால் ஒருத்தர் போட்டு, பல பேருக்கு மொத்தமாக வாடகைக்கு விடுவது எல்லோருக்கும் லாபம். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 1994-லேயே நகர நிர்வாகம் ஸ்டோகாப் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, வெறும் ஃபைபரை மட்டும் போட்டு எல்லாக் கம்பெனிகளுக்கும் வாடகைக்கு விட்டது. வீடுகளுக்கு இன்டர்நெட் விற்பது வாடகைக்காரர்கள் பாடு.

நம் நாட்டிலும் கிராம ஊராட்சி வரை பொது ஃபைபர் கொண்டுபோக 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. 2015-ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்காக 2018-ல் டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் உருவானது. இலக்கு 12,525 ஊராட்சிகள். எங்கள் வீட்டு லைன் அந்தத் திட்டமல்ல, தனியார் சமாசாரம். ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

அப்படியானால் சாம்பார் ஏன் வரவில்லை? இதற்கு பதில் என் புக்கிங் ஆபீஸிலேயே இருக்கிறது. ஒரே லாரியில் அஞ்சு பார்ட்டி சரக்கு ஏறும். எந்த மூட்டை யாருடையது, எங்கே இறங்கணும் என்பது ரிஜிஸ்டரில் இருக்கும். ரிஜிஸ்டர் தொலைந்தால் லாரி புதுசாக இருந்தும் பிரயோஜனமில்லை.

ஃபைபருக்கு அந்த ரிஜிஸ்டர்தான் சாஃப்ட்வேர். ஒரு இழையை வழியில் ஒரு பெட்டியில் வைத்து 32 வீட்டுக்குக்கூடப் பிரிக்கலாம். எந்தக் கேபிளில் எந்த இழை, எந்தப் பெட்டியில் எந்த ஓட்டை, அது யார் வீடு, அந்த வீடு எந்தக் கம்பெனியின் வாடிக்கை - எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். அறுந்தால், பாதித்த வீடுகளின் பட்டியல் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே சமயத்தில் போக வேண்டும். கம்ப்ளெயின்ட் நம்பர் ஒன்றுதான், அதை எல்லோரும் பார்க்கலாம். நாம் கம்பெனி மாறினாலும் புது ஒயர் இழுக்க வேண்டாம். கணக்கில் பெயர் மாற்றினால் முடிந்தது. கணக்குப்பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன சந்தோஷம் வேண்டும்!

வியாழக்கிழமை மத்தியானம் வரை எங்களுக்கு அந்த சந்தோஷம் கிட்டவில்லை. தம்பி பையில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டான். அப்பா எதுவும் பேசவில்லை. மாத்திரை டப்பாவைத் தானே திறந்து, கிழமை பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு உள்ளூர் கேபிள்காரர் வீட்டுக்கே போனேன். அவர் பரணிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். "உங்க வீடு கோயில் கம்பத்துப் பெட்டி, ஏழாம் நம்பருங்க. அந்த ஒயர் தண்ணி டேங்க் வழியா வருது. ஏனுங்க, அங்க குழாய் போட பொக்லைன்ல தோண்டினாங்களே..." என்றவர் நிறுத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தண்ணி டேங்க் பக்கத்தில் ஒயர் அறுந்து கிடந்தது. மெஷினில் வைத்து ஒட்ட அரை மணி நேரம். இரண்டரை நாள் இரண்டு ஆபீஸ்களுக்குத் தெரியாதது, அந்த நோட்டில் ஒரே ஒரு வரி!

"இதுக்கு காப்பி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க? நான்தான் இருக்கேனே" என்றார்.

அவர் நூறு வயசு இருக்கட்டும். ஆனால் அவர் நாளைக்கே திருப்பூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டால்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் படிப்பார், நான் அடிப்பேன்.

வீட்டுக்கு வந்தால் பாக்ஸில் பச்சை லைட். தம்பி மீட்டிங்கில் இருந்தான். அப்பா சத்தமில்லாமல் அவன் பையிலிருந்து துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தார்.