மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்

ஜூன் 9, சென்னை

இன்று முதலுதவிப் பயிற்சி. கேபின் க்ரூவில் இருப்பவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இதில் தேறினால்தான் தொடர்ந்து பறக்க முடியும். தரையில் கிடத்திய பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம் குறையாமல் அழுத்தினோம். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அதனால் ஆள் மாற்றி ஆள். பிறகு ஏ.இ.டி. கருவி. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தேவையா இல்லையா என்பதை, இதயத்தின் மின் துடிப்பைப் பார்த்து அதுவே சொல்லிவிடும். குவாண்டாஸ் 1991இலேயே இதை விமானத்தில் ஏற்றியது. அமெரிக்காவில் 2004 முதல் கட்டாயம்.

பயிற்சி தந்த மேடம் சொன்னார்: “இந்த மெஷினைத் தொடாமலே நீங்க ரிட்டயர் ஆகலாம். மயங்கி விழுறவங்களை அடிக்கடி பார்ப்பீங்க. படுக்க வைக்கிறது, காலைத் தூக்கி வைக்கிறது, ஆக்சிஜன் கொடுக்கிறது. இதுல தப்பு வரக்கூடாது.”

ஜூன் 12, சிங்கப்பூர்

இரவு விமானம், தாமதமாகக் கிளம்பியது. வங்காள விரிகுடாவின் நடுவே, பின்வரிசையில் ஒரு பெரியவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறியது. “அம்மா, அய்யாவுக்குச் சுகர், பி.பி. ஏதாவது உண்டா?” என்று மனைவியிடம் கேட்டேன். “சுகர் இருக்கும்மா. ராத்திரி மாத்திரையை ஏர்போர்ட்லயே போட்டுட்டாரு. சாப்பாடு வர்றதுக்குள்ள தூங்கிட்டாரு.”

மைக்கில் அழைத்ததும் குழந்தை மருத்துவர் ஒருவர் எழுந்து வந்தார். எங்கள் மருத்துவப் பெட்டியில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லை. மறுபடி மைக்கில் கேட்டோம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு கல்லூரிப் பெண் தன்னுடையதைக் கொடுத்தாள். 46 காட்டியது. விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரை கலந்த ஜூஸை மெல்ல மெல்லப் புகட்டினோம். கால் மணி நேரத்தில் 84; முகம் தெளிந்தது.

“என்ன மாத்திரை?” என்று டாக்டர் கேட்டார். சில மாத்திரைகள் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை மறுபடி இறக்கிவிடுமாம். அம்மாவுக்குப் பெயர் தெரியவில்லை. மாத்திரையும் மருந்துச்சீட்டும் சரக்கறையில் போட்ட சூட்கேஸுக்குள். அதனால் அந்த டாக்டர் தூங்காமல், இறங்கும்வரை அரைமணிக்கொரு தரம் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

ஜூன் 13, சிங்கப்பூர்

“பக்கத்து ஊர்ல இறக்கிடலாமே” என்று நேற்று ஒரு பயணி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முடிவு கேப்டனுடையது. தரையில் இருக்கும் மருத்துவர்களிடம் ரேடியோவிலோ சாட்டிலைட் போனிலோ பேசி, ஓடுபாதை, வானிலை, அந்த ஊரின் மருத்துவ வசதி, விமானத்தின் எடை எல்லாவற்றையும் பார்த்துத்தான் எடுப்பார். ஏ320, 737 போன்ற விமானங்களில் எரிபொருளை வெளியே கொட்டிவிட்டு எடையைக் குறைக்க வழியில்லை.

2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, ஐந்து நிறுவனங்களின் விமானங்களில் நேர்ந்த ஏறத்தாழ 12,000 மருத்துவ அவசரங்களைப் பார்த்தது. 604 விமானங்களுக்கு ஒன்று என்ற கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மயக்கமோ மயக்கம் வரும் நிலையோதான். விமானத்தைத் திருப்ப நேர்ந்தது நூற்றில் ஏழு தடவை. மயக்கத்துக்குக் காரணங்களும் உண்டு: கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதைப் போன்றது. ஊட்டியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நுரையீரலோ இதயமோ பலவீனமானவர்களுக்கு, அதனால் ஆக்சிஜனில் வரும் சிறு குறைவே பெரிது. போதாததற்குக் காற்றில் ஈரமும் குறைவு.

ஜூன் 15, சென்னை

1995இல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் சென்ற விமானத்தில், நுரையீரல் சுருங்கி மூச்சுத் திணறிய பெண்ணை ஆங்கஸ் வாலஸ் என்ற எலும்பியல் பேராசிரியர் இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து காப்பாற்றினார். கோட் மாட்டும் கம்பி, சிறுநீர்க் குழாய், கிருமி நீக்கப் பிராந்தி, தண்ணீர் பாட்டில் இவைதான் கருவிகள். மருத்துவர்கள் தயங்காமல் எழ வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படி உதவுபவர்களை வழக்குகளிலிருந்து காக்க அமெரிக்கா 1998இல் சட்டமே இயற்றியது.

ஆனால் எல்லா விமானத்திலும் ஒரு வாலஸ் இருக்கமாட்டார். நீங்கள் இருப்பீர்கள். மாத்திரையையும் மருந்துச்சீட்டையும் கைப்பையில் வையுங்கள். சாப்பாட்டோடு போடும் சர்க்கரை மாத்திரையைத் தட்டு கைக்கு வந்தபின் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அண்மையில் ஆபரேஷன் ஆனவர்களும் இதய நோயாளிகளும் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். ஏறியதும் உங்கள் நோயை எங்களிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலை சுற்றினால் கழிப்பறைக்கு எழுந்து போகாமல், இருக்கைக்கு மேலுள்ள பட்டனை அழுத்துங்கள். நாங்கள் வருவோம்.