திரும்பிப் பார்த்த கண்கள்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

வளர்வது என்றால் என்ன? உயரம் கூடுவதா? மீசை அரும்புவதா? வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதா? நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் நான்கு சனிக்கிழமைப் பிற்பகல்களில் நான்கு படங்களைப் பார்க்கும்வரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பார்த்த பின்பு அது என்னை விட்டு அகலவும் இல்லை.

ஆங்கிலத்துறைப் பேராசிரியர் ஒருவர் தம் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து, துறையின் புரொஜெக்டரில் பொருத்தி, சன்னல்களுக்குப் பழைய போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்டு அப்படங்களைக் காட்டினார். முதல் வாரம் 40 பேர் வந்தோம். நான்காம் வாரம் 11 பேர். சண்டை இல்லை, பாட்டு இல்லை, அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது என்று நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. எழுந்து போகாத 11 பேரில் ஒருவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்கும் ஐரோப்பியப் படங்கள். நான்கிலும் கதை, பதின்பருவத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைகளின் நட்பு. கதாநாயகன் என்று எவனும் இல்லை; வில்லன் என்று எவனும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் ஒரு பார்வை வருகிறது. அந்தப் பார்வைக்கு முன்பு அந்தப் பிள்ளை குழந்தை. பின்பு, குழந்தை அல்ல.

கடற்கரையில் நின்ற சிறுவன்

முதற்படம், பிரான்சுவா த்ரூஃபோ இயக்கி 1959-இல் வெளிவந்த 'நானூறு அடிகள்'. தலைப்பைப் பார்த்து, வாத்தியாரிடம் அடி வாங்கும் கதை என்றுதான் நினைத்தேன். பிரெஞ்சு வழக்கில் அதற்கு 'அடங்காமல் ஆட்டம் போடுவது' என்று பொருளாம். அப்படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றபோது த்ரூஃபோவுக்கு வயது 27.

பாரிஸ் நகரத்தின் ஒரு சிறிய வீடு. அங்கே அந்துவான் என்ற பையனுக்குத் தனியறை இல்லை, நடைவழியில் படுத்துக்கொள்கிறான். பள்ளிக்கு ஒருநாள் மட்டம் போடுகிறான். மறுநாள் ஆசிரியர் காரணம் கேட்டபோது, வாய்க்கு வந்தபடி "அம்மா இறந்துவிட்டாள்" என்று சொல்லிவிடுகிறான். கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மா வீட்டில் இருந்தும் இல்லாதவள்தான் என்பது அதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறதே!

அவனுக்கு உள்ள ஒரே செல்வம் ரெனே என்னும் தோழன். வீட்டைவிட்டு ஓடிவந்தவனைத் தன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்துச் சோறு போடுகிறான். இருவரும் சேர்ந்து அந்துவானின் வளர்ப்புத் தந்தை வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு தட்டச்சுப் பொறியைத் திருடுகிறார்கள். விற்க முடியவில்லை. திருப்பி வைக்கப் போகும்போதுதான் அந்துவான் பிடிபடுகிறான்! வளர்ப்புத் தந்தையே காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்படுகிறான். அங்கே ரெனே சைக்கிள் மிதித்து வருகிறான். உள்ளே விட மறுக்கிறார்கள். கண்ணாடிக்கு இப்புறம் ஒருவன், அப்புறம் ஒருவன். பேச முடியவில்லை, பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். ரெனே திரும்பிப் போகிறான்.

இறுதியில் அந்துவான் தப்பி ஓடுகிறான். ஓடி ஓடி, அதுவரை தான் கண்டிராத கடலை அடைகிறான். கால் நனைந்ததும் ஓட இடமில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறான். படம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. "இனி நான் எங்கே போவது?" என்று அவன் கேட்பதாகவே எனக்குப் பட்டது.

இது பெரும்பாலும் த்ரூஃபோவின் சொந்தக் கதை. ரெனே என்பவன் அவருடைய பள்ளித் தோழர் ரொபேர் லாஷ்னே. த்ரூஃபோவும் அப்படிப்பட்ட இல்லத்தில் இருந்தவரே. அவரை மீட்டுக் கைதூக்கி விட்டவர் ஆந்த்ரே பசான் என்னும் திரைப்பட விமர்சகர். இப்படத்தின் படப்பிடிப்பு தொடங்கிய 1958 நவம்பரில் பசான் காலமானார். படம் அவருக்கே காணிக்கை.

ஒரு நொடி

இரண்டாவது, லூயி மால் 1987-இல் எடுத்த 'சென்று வருகிறேன், குழந்தைகளே'. அவ்வாண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. வரலாற்று மாணவன் ஆகையால் இப்படத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இராது என்று எண்ணி உட்கார்ந்தேன். இரண்டாம் உலகப்போர், நாஜிகள், 60 லட்சம் யூதர்கள்: எல்லாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவைதானே!

1944 சனவரி. ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ். கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் ஒரு விடுதிப் பள்ளி. அங்கே ஜூலியன் என்ற மாணவனின் வகுப்புக்கு போனே என்றொரு புதிய மாணவன் வருகிறான். கணக்கில் கெட்டிக்காரன், பியானோ வாசிப்பவன், யாரோடும் ஒட்டாதவன். முதலில் இருவருக்கும் பொறாமையும் முறைப்புமாக இருக்கிறது. பிறகு காட்டில் வழிதவறி ஒன்றாக அலைகிறார்கள்; இரவில் திருட்டுத்தனமாக ஆயிரத்தோர் இரவுகள் கதை படிக்கிறார்கள்; எல்லோரும் விமானத் தாக்குதலுக்குப் பயந்து பதுங்கியிருக்கும்போது இருவரும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிக்கிறார்கள். போனே என்பது பொய்ப் பெயர் என்றும், அவன் யூதன் என்றும், தலைமைத் துறவி அவனை ஒளித்துக் காப்பாற்றுகிறார் என்றும் ஜூலியன் கண்டுபிடித்துவிடுகிறான்.

சமையற்கட்டில் ஜோசப் என்றோர் ஏழைப் பையன். பணக்கார மாணவர்கள் வீட்டிலிருந்து வந்த தின்பண்டங்களை அவனிடம் மாற்றிக்கொள்கிறார்கள். ஜூலியனும் ஜாம் கொடுத்துத் தபால்தலை வாங்குகிறான். குற்றம் வெளிப்பட்டதும் ஜோசப்புக்கு மட்டும் வேலை போகிறது. மாணவர்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அந்த ஆத்திரத்தில் அவன் போய் ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுக்கிறான். நல்லவர்கள் செய்த ஒரு சிறு அநீதி எவ்வளவு பெரிய பாவத்துக்கு வாசல் திறந்துவிடுகிறது!

அதிகாரி வகுப்பறைக்குள் வருகிறான். யூத மாணவனின் உண்மைப் பெயரைச் சொல்லி, "யார் அவன்?" என்று கேட்கிறான். எவரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி முதுகைத் திருப்பிய வேளையில், ஜூலியன் தன்னையறியாமல் ஒரே ஒரு நொடி நண்பனைத் திரும்பிப் பார்க்கிறான். அதிகாரி அந்தப் பார்வையைக் கண்டுவிடுகிறான்.

அந்த நொடியில் கூடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. அவன் பார்த்தது பகையினாலா? அன்பினால்! நண்பனுக்கு ஆபத்து என்றதும் கண் தானாகப் போயிற்று. பெட்டி கட்டும்போது போனே, எப்படியும் என்னைப் பிடித்திருப்பார்கள் என்று ஜூலியனுக்கே ஆறுதல் சொல்கிறான். தன் சாவுக்குப் போகும் சிறுவன், தன்னைக் காட்டிக்கொடுத்த கண்களைத் தேற்றுகிறான்!

இதுவும் நடந்த கதை. பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ அருகிலுள்ள ஆவோன் ஊர்ப் பள்ளியில் லூயி மால் படித்தபோது, அவருக்கு 11 வயது. 1944 சனவரி 15 அன்று மூன்று யூத மாணவர்களும், அவர்களுக்கு அடைக்கலம் தந்த அருட்தந்தை ழாக்கும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். மாணவர்கள் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். அருட்தந்தை வதைமுகாமிலிருந்து விடுதலையான சில வாரங்களில், 1945 சூனில் உயிர்நீத்தார். மால் இதைப் படமாக்க 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இறுதிக் காட்சியில் அவருடைய குரலே ஒலிக்கிறது: சாகும்வரை அந்தச் சனவரிக் காலையின் ஒவ்வொரு நொடியும் தமக்கு மறக்காது என்கிறார். 60 லட்சம் என்ற எண்ணிக்கை எனக்கு அன்றுதான் ஒரு முகமாயிற்று.

நீரில் மிதந்தவர்கள்

மூன்றாவது, செலின் சியம்மா என்ற பெண் இயக்குநரின் முதற்படம் (2007). நீச்சல் குளத்தைச் சுற்றி மூன்று பெண்பிள்ளைகளின் ஒரு கோடைக்காலம். மரி என்பவள், அழகியான ஃப்ளோரியானின் மீது மயங்கி, தன் பழைய தோழி ஆனைக் கைவிட்டு அலைகிறாள். ஃப்ளோரியானோ அவளைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்கிறாள். தான் யார், தன் மனம் யாரை நாடுகிறது என்பதையெல்லாம் கேட்க மரிக்கு ஒரு பெரியவர்கூட அருகில் இல்லை. கடைசியில் மரியும் ஆனும் உடுத்திய உடையோடு குளத்தில் அருகருகே மல்லாந்து மிதக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, இருவரும் ஒரே வானத்தைப் பார்க்கிறார்கள். பழைய நட்புக்கு அது போதும் போலும்.

பூந்தோட்டத்தில்

நான்காவது, பெல்ஜியம் நாட்டு லூக்காஸ் டோன்ட் இயக்கிய 'க்ளோஸ்' (2022). கான் விழாவில் இரண்டாம் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம். இதைப் பார்த்த இரவுதான் நான் விடுதியில் சாப்பிடாமல் படுத்தேன்.

லியோ, ரெமி இருவருக்கும் வயது 13. லியோவின் வீட்டார் பூ வளர்த்து விற்பவர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பூக்கள். அவற்றினூடே இருவரும் ஓடுகிறார்கள், சைக்கிளில் பறக்கிறார்கள், ஒரே கட்டிலில் கதை பேசிக்கொண்டு உறங்குகிறார்கள். புதிய பள்ளியில் சேர்ந்த முதல் நாள்களிலேயே உடன்படிக்கும் பெண்கள் கேட்கிறார்கள்: "நீங்கள் இருவரும் ஜோடியா?" கேட்டவர்களுக்கு அது விளையாட்டு. அவர்கள் இருவரும் தங்களுக்குள் பெயரே வைத்துக்கொள்ளாத ஒன்றுக்கு, பிறர் பெயர் வைத்துவிட்டார்கள். அது நட்பா, காதலா என்று படம் எங்கும் சொல்வதில்லை. அறிந்துகொள்ளும் அவகாசத்தை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பதே அதன் துயரம்.

லியோ விலகத் தொடங்குகிறான். பனிச்சறுக்கு ஹாக்கியில் சேர்ந்து முரட்டுக் கவசம் அணிகிறான். ஒருநாள் காலை ரெமிக்குக் காத்திராமல் தனியே சைக்கிளில் பள்ளிக்குப் போய்விடுகிறான். ரெமி எல்லோர் முன்னிலையிலும் அழுதுகொண்டே அவனை அடிக்கிறான். சில நாள்களில் ரெமி உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

மீதிப் படம் முழுவதும், "என்னால்தான்" என்ற ஒரு சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு லியோ அலைவதுதான். இறுதியில் அதை ரெமியின் தாயிடமே சொல்கிறான். அவள் முதலில் அவனைக் காரைவிட்டு இறங்கச் சொல்லிவிடுகிறாள். பிறகு அவளே ஓடிவந்து அணைத்துக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் லியோ பூக்களுக்கிடையே ஓடுகிறான். நின்று, திரும்பிப் பார்க்கிறான். பின்னால் யாரும் வரவில்லை.

அமெரிக்க உளவியலாளர் நியோபி வே எழுதிய ஒரு நூல் இப்படத்துக்குத் தூண்டுகோல் என்று டோன்ட் கூறியிருக்கிறார். சிறுவர்கள் 13 வயதில் தங்கள் நண்பர்களைப் பற்றி மனம் நெகிழ்ந்து பேசுவதையும், ஆண்பிள்ளை ஆகும் அவசரத்தில் 17, 18 வயதுக்குள் அந்தப் பேச்சை அவர்கள் இழந்துவிடுவதையும் சொல்லும் நூல் அது.

என் கடன்

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன்.

எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு 5 கிலோமீட்டர். என் அப்பாவின் பழைய சைக்கிள். போகும்போது நான் மிதிப்பேன், வரும்போது அவன். எட்டாம் வகுப்புவரை எங்களைத் தனித்தனியே பார்த்தவர்கள் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வேறு ஊர்ப் பையன்கள் சேர்ந்தார்கள். ஒருநாள் கரும்பலகையில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி, நடுவில் கூட்டல் குறி போட்டு, "கல்யாணம் எப்போது?" என்று கேட்டிருந்தார்கள். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு எழுந்து போய் அழித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் அவனிடம் சொல்லாமல் டவுன் பஸ்ஸில் ஏறினேன். வழக்கமான புளியமரத்தடியில் அவன் எனக்காக நின்றுகொண்டிருந்தான். பஸ் அவனைக் கடந்தபோது நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். ஜூலியன் ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். நான் ஒரு நொடி திரும்பிப் பார்க்கவில்லை. அன்றே இடம் மாறி உட்கார்ந்தேன். அவன் ஏன் என்று கேட்கவே இல்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவன் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது.

'க்ளோஸ்' பார்த்த மறுநாள் அவன் மாமாவிடம் கைபேசி எண் வாங்கிப் பேசினேன். பின்னால் பனியன் கம்பெனி இயந்திரங்களின் இரைச்சல். ஓவர்லாக் டெய்லராக இருக்கிறானாம். குரலைக் கேட்டதுமே, "டேய், நீயா!" என்றான். சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டு, "அன்னைக்குப் பஸ்ஸில நான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்டா. உன் சட்டை தெரிஞ்சுது" என்றான்.

என்னால் பேச முடியவில்லை. அவனே, "டீ டைம் முடியுது. பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன். அந்தச் சைக்கிள் இருக்கா?" என்றான். இருக்கிறது. டயர்தான் இரண்டும் மாற்ற வேண்டும்.

வள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரங்களை வகுத்திருக்கிறார். அவற்றுள் 'பழைமை' என்ற அதிகாரம், பழகிய நண்பரின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் பெருமையைப் பேசுகிறது. நான் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திய என் நண்பன் அதை நடந்து காட்டிவிட்டான்.

வளர்வது என்றால் என்ன என்று தொடங்கினேன். நாம் யாரைத் திரும்பிப் பார்க்கத் தவறினோம் என்று ஒருநாள் தெரிந்துகொள்வதே அதுவென இன்று நினைக்கிறேன். லியோவுக்குத் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாருமில்லை. எனக்கு ஒருவன் இருந்தான். நண்பர்களே, உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய எண் யாரிடமாவது இருக்கும். கேட்டு வாங்குங்கள்.