வினாத்தாளில் இல்லாத விடை

2016ஆம் ஆண்டில், பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வின் பொருட்டு மன்னார் மாவட்டத்து முசலிப் பிரிவிலுள்ள மலங்காட்டுக்குச் சென்றேன். ‘வீடற்ற இளைஞரின் நல்வாழ்வும் ஆதரவுத் தேவைகளும்’ என்பது நான் எடுத்துக்கொண்ட பொருள். உறக்கம், உணவு, கல்வி, மனச்சோர்வு, எதிர்கால நம்பிக்கை எனப் பகுக்கப்பட்ட நாற்பது வினாக்கள் என் கையில் இருந்தன.

மலங்காட்டில் அன்று வாழ்ந்தோர் முள்ளிக்குளத்து மக்கள். போர்க்காலத்தில், 2007 செப்டெம்பர் 8ஆம் நாள் அவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் முடிந்த பின்னரும் ஊர் அவர்களிடம் மீளவில்லை. கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அங்கே அமைந்துவிட்டது. 2012இல் திரும்பியவர்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் கட்டிக் குடியமர்ந்தனர்.

பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனிடம் வினாத்தாளின் தலைப்பை வாசித்தேன். அவன் இடைமறித்தான்.

“அண்ணன், எங்களுக்கு வீடு இருக்கு. நாங்கள்தான் அதில இல்லை.”

பத்து வயதில் விட்டுவந்த வீட்டின் வாசல் எத்திசை நோக்கியது, கிணறு எப்பக்கம் இருந்தது என்பனவற்றை அவன் விரிவாகச் சொன்னான். அவற்றைக் குறிக்க என் தாளில் கட்டமில்லை.

என் வினாக்கள் பெரும்பாலும் மேலைநாட்டு நகர்ப்புற ஆய்வுகளைத் தழுவியவை. குடும்பம் சிதைந்து, தெருவில் தனித்து நிற்கும் இளைஞனை மனத்திற் கொண்டே அவை வகுக்கப்பட்டிருந்தன. இங்கோ குடும்பம் சிதையவில்லை. ஊரே ஒன்றாகப் பெயர்க்கப்பட்டது. மழையில் ஒழுகும் கூரையும் கலைந்த உறக்கமும் இவனுக்கும் உண்டு. அவற்றுக்கு உதவி வேண்டியதே. ஆயினும் துயரின் வேரை விடுத்து, அதன் கிளைகளை மட்டுமே என் வினாத்தாள் எண்ணிக்கொண்டிருந்தது. இடம்பெயர்ந்தோர் தம் இருப்பிடத்தையும் உடைமையையும் மீளப்பெற உதவுவது அதிகாரிகளின் கடமை என, ஐக்கிய நாடுகள் சபையில் 1998இல் முன்வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அதனை நான் படித்திருந்தும் ஒரு வினாவாக ஆக்கவில்லை.

மறு ஆண்டு, 2017 மார்ச்சில், முள்ளிக்குளத்து மக்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். 38 நாட்களின் பின், ஏப்ரல் 29ஆம் நாள், 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அதன் வசமிருந்த 27 வீடுகளுக்கு மேலும் தவணை கேட்கப்பட்டது. இளைஞரின் முதன்மையான ஆதரவுத் தேவை யாது என்ற என் வினாவுக்கு ஊரே விடையளித்துவிட்டது.

ஆய்வேட்டின் தலைப்பில் ‘வீடற்ற’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘வீடு மறுக்கப்பட்ட’ என்று எழுதினேன். அந்த ஆய்வில் நான் உறுதியாகக் கண்டறிந்தது அந்த ஒரு சொல்லே.